மிச்சிகன், யூட்டா குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடுகள்: மின்னஞ்சல் விளம்பரத் தளம் தொடங்குவோர் அறிய வேண்டியவை

உறுப்பினர்களைச் சேர்த்து, ஒருவருடைய விளம்பரத்தை மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் ‘சேஃப்லிஸ்ட்’ தளத்தைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் படிப்பது வணிக மின்னஞ்சலுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டத்தைத்தான். 2004 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம், அனுப்புநரின் பெயரையும் தலைப்பையும் பொய்யாக எழுதக் கூடாது, அஞ்சல் முகவரி தர வேண்டும், விலக்கிவிடும்படி கேட்டவரைப் பத்து வேலை நாட்களுக்குள் விலக்க வேண்டும் என்று சொல்கிறது. இவற்றைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தளத்தைத் திறப்பவர்கள் அநேகம். அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள், மிச்சிகனும் யூட்டாவும், குழந்தைகளைச் சென்றடையும் மின்னஞ்சல் குறித்துத் தனியாகச் சட்டம் இயற்றியிருக்கின்றன என்பதும், அவற்றை மீறினால் அபராதத்தோடு சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் தொடங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால், புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது. வழக்கறிஞரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலில்: சட்டம் என்ன சொல்கிறது

இரண்டு மாநிலங்களும் 2004-இல் சட்டம் இயற்றி, 2005 ஜூலையில் பதிவேடுகளைத் திறந்தன. மிச்சிகனில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. பெற்றோர் தங்கள் குழந்தை பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியை இந்தப் பதிவேட்டில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். குழந்தைகளுக்காகவே நடக்கும் பள்ளி போன்ற நிறுவனங்கள் தங்கள் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) முழுவதையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம். ஒரு முகவரி பதிவாகி முப்பது நாட்கள் கடந்த பின், சிறுவர் வாங்கவோ பார்க்கவோ வைத்திருக்கவோ சட்டம் அனுமதிக்காத பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்துவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட செய்தியை அந்த முகவரிக்கு யாரும் அனுப்பக் கூடாது.

மது, புகையிலை, சூதாட்டம், லாட்டரி, ஆபாசப் படங்கள், துப்பாக்கி ஆகியவை உடனே நினைவுக்கு வருபவை. ஆனால் சட்டம் இப்படி ஒரு பட்டியலைக் கொடுத்து அதோடு நின்றுவிடவில்லை. "சிறுவருக்குச் சட்டப்படி தடை செய்யப்பட்டது" என்பதுதான் அளவுகோல். எனவே ஒரு பொருள் இதில் அடங்குமா என்பதை அந்த மாநிலத்தின் மற்றச் சட்டங்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கேன்-ஸ்பாம் சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சட்டங்கள் இரண்டு இடங்களில் வேறுபடுகின்றன. முதலாவது, ஒப்புதல். உறுப்பினர் தானே வந்து சேர்ந்தார், உறுதிப்படுத்தும் இணைப்பையும் சொடுக்கினார், ஆகவே அவருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற வாதம் இங்கே எடுபடாது. சிறுவர் தந்த ஒப்புதல் ஒப்புதலே இல்லை என்பது இந்தச் சட்டங்களின் அடிப்படை. இரண்டாவது, பொறுப்பு. மிச்சிகன் சட்டம் அனுப்புகிறவரை மட்டும் பிடிப்பதில்லை. அனுப்பச் செய்கிறவரும், மற்றொருவரோடு சேர்ந்து அனுப்பத் திட்டமிடுகிறவரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். செய்தியை வெறுமனே கடத்தி விடும் இடைநிலைச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விளம்பரத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலையும் தானே வைத்துக்கொண்டு, தன் சர்வரிலிருந்து அனுப்பி, அதற்குப் பணமும் வாங்கும் சேஃப்லிஸ்ட் உரிமையாளர் "நான் வெறும் தபால்காரன்" என்று சொல்லித் தப்புவது கடினம்.

மிச்சிகனில் முதல் மீறலுக்கு ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். இரண்டாவதற்கு இரண்டாண்டு, 20,000 டாலர். மூன்றாவதற்கும் அதற்குப் பிறகும் மூன்றாண்டு, 30,000 டாலர். இது குற்றவியல் பக்கம். உரிமையியல் வழக்கில், உண்மையான இழப்பைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு செய்திக்கு 5,000 டாலர் அல்லது மீறல் நடந்த ஒரு நாளைக்கு 2,50,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைக் கோரலாம். ஐயாயிரத்தை உங்கள் பட்டியலின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. பத்துப் பதிவான முகவரிகள் உள்ளே இருந்தாலே ஒரு சிறு தளம் தாங்காது.

இந்தச் சட்டங்கள் செல்லாது என்று வாதாடிப் பார்த்தவர்களும் உண்டு. வயது வந்தோருக்கான பொழுதுபோக்குத் துறையின் அமைப்பொன்று, கூட்டாட்சிச் சட்டமான கேன்-ஸ்பாம் இருக்கும்போது மாநிலம் தனியே விதி செய்ய முடியாது என்று யூட்டாவில் வழக்குத் தொடுத்தது. 2007-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தடையாணை தர மறுத்துவிட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் அலுவலர்களும் 2005-இல், இல்லினாய் மாநிலம் இதே போன்ற பதிவேட்டைப் பற்றி யோசித்தபோது, குழந்தைகளின் முகவரிகளை ஓரிடத்தில் திரட்டுவது தீயவர்கள் கையில் கிடைத்தால் ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது என்பதே என் கருத்து. ஆனாலும் தளம் நடத்துகிறவருக்கு அதனால் கிடைக்கும் சலுகை எதுவும் இல்லை. சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை பின்பற்றியே ஆக வேண்டும்.

அடுத்து: உங்கள் தளம் இதற்குள் வருகிறதா

இந்தக் கேள்விக்கு விடை தேடும் பலர் தங்கள் முகவரியிலிருந்து தொடங்குகிறார்கள். "நான் டெக்சாசில் இருக்கிறேன்", "என் நிறுவனம் கனடாவில் பதிவானது", "நான் கோயம்புத்தூரிலிருந்து அஃபிலியேட் வேலை (கமிஷனுக்குப் பிறர் பொருளை விளம்பரம் செய்வது) செய்கிறேன்" என்பவை விடையாகாது. இந்தச் சட்டங்கள் காக்க நினைப்பது பெறுகிறவரை. அனுப்புகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவை அளவாகக் கொள்ளவில்லை. ஜிமெயில் முகவரியைப் பார்த்து அது டெட்ராய்ட்டில் இருக்கும் குழந்தையுடையதா, சிட்னியில் இருக்கும் பெரியவருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. சேரும்போது மாநிலத்தைக் கேட்டு, மிச்சிகன், யூட்டா என்று சொன்னவர்களை ஒதுக்கிவிடலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் அலபாமாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவான். அந்த ஏற்பாடு ஓரளவு உதவலாம், ஆனால் அதை நம்பித் தடை செய்யப்பட்ட விளம்பரங்களை அனுப்பக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: என் சர்வரிலிருந்து போகும் அஞ்சலில், அல்லது அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தில், சிறுவருக்குத் தடையான எதுவும் இருக்கிறதா? மிச்சிகன் சட்டம் நேரடி விளம்பரத்தோடு மறைமுக விளம்பரத்தையும், அத்தகைய விளம்பரத்துக்கு இட்டுச்செல்லும் இணைப்பையும் சேர்த்தே பேசுகிறது. அஞ்சலின் வாசகத்தில் "வார இறுதிக்கு ஒரு சலுகை" என்று மட்டும் எழுதியிருந்தாலும், சொடுக்கினால் ஆன்லைன் சூதாட்டப் பக்கம் வந்தால், அது சூதாட்ட விளம்பரம்தான்.

ஓர் அஞ்சலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே பாருங்கள். தலைப்பில் ஒன்றுமில்லை. உடலில் உறுப்பினரின் சமையல் குறிப்புத் தளத்துக்கு ஓர் இணைப்பு. அதற்குக் கீழே உங்கள் தளமே எல்லா அஞ்சலிலும் தானாகச் சேர்க்கும் இரண்டு பேனர்கள். அவற்றில் ஒன்று ரொட்டேட்டரில் இருந்து வருவதால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விளம்பரதாரரைக் காட்டும். கடைசியில், இலவசத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அஞ்சல் சேவை ஒட்டும் ஒரு வரி விளம்பரம். உறுப்பினர் எழுதியதை மட்டும் படித்து ஒப்புதல் அளிக்கும் உரிமையாளர் இந்த அஞ்சலில் நான்கில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

முடிவெடுக்கும் படி: அனுமதிப்பதா, விலக்குவதா

இங்கே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தடைக்குட்பட்ட விளம்பரங்களை மின்னஞ்சலில் அறவே ஏற்காமல் இருப்பது. மற்றொன்று, ஏற்றுக்கொண்டு, இரண்டு பதிவேடுகளோடும் உங்கள் பட்டியலை மாதந்தோறும் ஒப்பிட்டு வடிகட்டுவது. புதியவர்கள் முதல் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். தடை செய்யப்பட்ட பொருள் எதையும் அனுப்பாத தளத்துக்குப் பதிவேட்டோடு ஒப்பிடும் கடமையே எழுவதில்லை.

இரண்டாவது வழியின் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நிர்ணயித்த கட்டணம், சோதிக்கும் ஒரு முகவரிக்கு மிச்சிகனில் 0.7 சென்ட், யூட்டாவில் 0.5 சென்ட். உங்கள் பட்டியலில் 20,000 பேர் இருந்தால், ஒரு முறை சோதிக்க மிச்சிகனுக்கு 140 டாலர், யூட்டாவுக்கு 100 டாலர். மாதம் 240, ஆண்டுக்கு 2,880 டாலர். பட்டியலில் பதிவான முகவரி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இந்தக் கட்டணம் உண்டு, ஏனென்றால் கட்டணம் சோதிப்பதற்காக, கண்டுபிடிப்பதற்காக அல்ல. இலவச உறுப்பினர்களை வைத்துக்கொண்டு கிரெடிட் (விளம்பரம் அனுப்பும் உரிமைக்கான புள்ளிகள்) விற்றுப் பிழைக்கும் சிறு தளம் ஒன்றுக்கு, சில மது, சூதாட்ட விளம்பரங்களால் வரும் வருமானம் இந்தத் தொகையை ஈடுகட்டுமா என்று தாளில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் விடை உடனே கிடைத்துவிடும்.

விலக்குவது என்று முடிவு செய்தால்

விதிமுறைகளில் "சட்டவிரோதமான எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது" என்று எழுதுவது போதாது. மதுவும் லாட்டரியும் பெரியவருக்குச் சட்டப்படி உரிய பொருட்கள்தான். அவற்றை விளம்பரப்படுத்தும் உறுப்பினர் தாம் விதியை மீறுவதாகவே நினைக்க மாட்டார். எனவே பொருள்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வாங்கவோ பார்க்கவோ பங்கேற்கவோ சட்டம் தடுக்கும் எதுவும்" என்ற பொது வாசகத்தையும் அதன் பின் சேர்த்துவிடுங்கள். இணைப்பின் வழியே சென்றடையும் பக்கத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்பதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

அதன் பின் வருவது சரிபார்ப்பு. இதில்தான் நான் சறுக்கினேன். ஓர் உறுப்பினர் கொடுத்த இணைப்பை நானே திறந்து பார்த்தேன். ஊறுகாய் போடும் முறைகளைப் பற்றிய பக்கம், படங்களோடு அழகாக இருந்தது. ஒப்புதல் அளித்தேன். மூன்று வாரம் கழித்து வேறு எதற்காகவோ அதே இணைப்பைச் சொடுக்கியபோது போக்கர் மேசை ஒன்று திறந்தது. முகவரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சுருக்கிய இணைப்பு அது; போய்ச்சேரும் இடத்தை மட்டும் பின்னாலிருந்து மாற்றியிருந்தார். அந்த மூன்று வாரத்தில் எத்தனை அஞ்சல்கள் போயின என்று என் சர்வரின் அஞ்சல் பதிவுகளைத் திறந்து எண்ணிய இரவை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து சுருக்கிய இணைப்புகளையும் ரொட்டேட்டர் இணைப்புகளையும் ஏற்பதில்லை. ஒப்புதல் பெற்ற இணைப்புகளையும் வாரம் ஒருமுறை மீண்டும் திறந்து பார்க்கிறேன். திறக்கும் இறுதி முகவரி முதலில் பார்த்ததிலிருந்து மாறியிருந்தால், அந்த விளம்பரத்தை நிறுத்திவிடும்படி ஒரு சிறு ஸ்கிரிப்டும் எழுதி வைத்திருக்கிறேன். இருந்தாலும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த ஸ்கிரிப்டும் இல்லை, ஏனென்றால் முகவரி மாறாமல் பக்கத்தின் உள்ளடக்கம் மட்டும் மாறுவதும் உண்டு.

ஒவ்வோர் அஞ்சலின் அடியிலும் புகார் இணைப்பு ஒன்று இருக்கட்டும். உறுப்பினர்கள் உங்களைவிட அதிக விளம்பரங்களைப் பார்க்கிறார்கள்.

அனுமதிப்பது என்று முடிவு செய்தால்

இந்த வழியில் போகிறவர்கள் பதிவேட்டின் தளத்தில் அனுப்புநராகக் கணக்குத் தொடங்க வேண்டும். பதிவேட்டில் உள்ள முகவரிகளை அவர்கள் உங்களுக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் பட்டியலை ஹாஷ் செய்து, அதாவது ஒவ்வொரு முகவரியையும் திரும்பப் பெற முடியாத எழுத்துச் சரமாக மாற்றி, அனுப்ப வேண்டும். அங்கே உள்ள சரங்களோடு ஒத்துப்பார்த்து, பொருந்தியவை நீக்கப்பட்ட பட்டியல் உங்களுக்குத் திரும்பும். இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும்.

ஹாஷ் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய எழுத்தில் தொடங்கும் முகவரியும் அதே முகவரியின் சிறிய எழுத்து வடிவமும் மனிதக் கண்ணுக்கு ஒன்றே. ஹாஷுக்கு அவை முற்றிலும் வேறு. முகவரியின் முடிவில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூட வேறு சரத்தைத் தந்துவிடும். எனவே பட்டியலை அனுப்பும் முன் எல்லா முகவரிகளையும் சிறிய எழுத்துக்கு மாற்றி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். பதிவேடு தரும் மென்பொருளைப் பயன்படுத்தினாலும், உங்கள் பக்கத்தில் இந்தச் சுத்தத்தைச் செய்துகொள்வது நல்லது.

முப்பது நாள் கணக்கு அடுத்தது. இன்று பதிவேட்டில் இல்லாத முகவரி நாளை பதிவாகலாம். அது பதிவாகி முப்பது நாள் கடந்ததும் தடை தொடங்கிவிடும். ஆகவே கடைசியாக வடிகட்டி முப்பது நாளுக்கு மேல் ஆன பட்டியலுக்கு அனுப்பக் கூடாது. கையால் அனுப்பும் அஞ்சல்களில் இதை நினைவில் வைத்துக்கொள்வார்கள், ஆட்டோரெஸ்பாண்டரில், அதாவது குறித்த நாட்களில் தானாக அஞ்சல் அனுப்பும் ஏற்பாட்டில், மறந்துவிடுவார்கள். சேர்ந்த நாளில் முதல் அஞ்சல், பின்னர் அறுபது நாட்களில் ஏழு அஞ்சல்கள் என்று அமைத்த தொடரில், சேர்ந்த அன்று சோதித்தது ஐந்தாவது அஞ்சலுக்குச் செல்லாது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும் முகவரிகளும் மாதச் சோதனைக்குள் வர வேண்டும். அஃபிலியேட்டுகள் தங்கள் சொந்தப் பட்டியலுக்கு உங்கள் சார்பில் அனுப்பினால், அவர்களும் வடிகட்டியிருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, சோதித்த தேதிக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

யூட்டா சட்டத்தில், முகவரியைக் கட்டுப்படுத்தும் பெரியவர் முன்கூட்டியே ஒப்புதல் தந்திருந்தால் அனுப்பலாம் என்ற விலக்கு இருக்கிறது. அதற்கு அவருடைய வயதை அடையாள ஆவணத்தின் வழியே சரிபார்ப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. சிறு தளம் ஒன்று நடைமுறையில் அதைச் செய்ய இயலாது என்பதால், இந்த விலக்கை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பதிவுகளை வைத்திருத்தல்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். பதிவேட்டின் சோதனை ஏற்பாட்டை நியாயமாக நம்பி நடந்துகொண்டவருக்கு யூட்டா சட்டம் தற்காப்பு தருகிறது. நம்பி நடந்தீர்கள் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது சோதனை ரசீதுகளும் அஞ்சல் பதிவுகளும் மட்டுமே. விளம்பரத்தை ஏற்ற நாள், அன்று திறந்த பக்கத்தின் படம், மறுபடி சோதித்த நாட்கள், நிறுத்திய விளம்பரங்கள், வந்த புகார்கள் ஆகியவை ஒரே இடத்தில் இருந்தால் போதும். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. என்னுடையது ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பு.

உறுப்பினராகச் சேரும் குழந்தைகள்

பதிவேட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மற்றொரு சட்டம் கோப்பா. அது 1998-இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம். பதிமூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடமிருந்து பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் தனிப்பட்ட விவரங்களைத் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். மின்னஞ்சல் முகவரியும் தனிப்பட்ட விவரமே. பதிவேட்டுச் சட்டங்கள் நீங்கள் அனுப்புவதைப் பற்றியவை, கோப்பா நீங்கள் வாங்குவதைப் பற்றியது. ஒன்றைப் பின்பற்றினால் மற்றதைப் பின்பற்றியதாக ஆகாது. விளம்பரத் தளத்தில் குழந்தைகளுக்கு வேலை எதுவும் இல்லை. உறுப்பினராவதற்குப் பதினெட்டு வயது நிபந்தனை வையுங்கள். சேரும் படிவத்தில் பிறந்த ஆண்டைக் கேளுங்கள், எந்த வயது வேண்டும் என்பதை அந்தக் கட்டத்தின் அருகிலேயே எழுதிக் குறிப்புக் கொடுத்துவிடாதீர்கள். வயது குறைவு என்று தெரியவந்த கணக்கை உடனே நீக்குங்கள்.

பெற்றோர் எழுதும்போது

என்றாவது ஒருநாள் ஒரு தாயோ தந்தையோ உங்களுக்கு எழுதுவார்கள். கோபமாகத்தான் எழுதுவார்கள், அவர்கள் குழந்தையின் அஞ்சல்பெட்டியில் எதைப் பார்த்தார்களோ அதை நாமும் பார்த்தால் அப்படித்தான் எழுதுவோம். "உங்கள் மகன் தானே சேர்ந்தான்" என்று பதில் எழுதாதீர்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை, மனிதரிடமும் இல்லை. அந்த முகவரியை அன்றே எல்லாப் பட்டியலிலிருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களிலிருந்தும் எடுத்துவிட்டு, மறுபடி சேர முடியாதபடி தடுப்புப் பட்டியலில் போடுங்கள். குழந்தையின் பெயரையோ வயதையோ ஊரையோ கேட்காதீர்கள். அவை உங்களுக்குத் தேவையில்லை. எந்த விளம்பரம் போனது என்று தேடி, அதை எல்லோருக்கும் நிறுத்துங்கள். அந்த அஞ்சல் தொடர்பான பதிவுகளை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் பெற்றோரிடமிருந்து வராமல் மாநில அதிகாரியிடமிருந்து வந்திருந்தால், பதில் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெற்றோருக்கு எழுதும் பதிலில் என்ன செய்தீர்கள் என்பதை மூன்று வரியில் சொல்லுங்கள். அவர்கள் மிச்சிகனிலோ யூட்டாவிலோ இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தால், பதிவேட்டைப் பற்றியும் தெரிவியுங்கள்: பதிவு செய்யக் கட்டணம் இல்லை, குழந்தையின் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலோடு சேர்க்கலாம், மிச்சிகனில் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.